ஆயிரத்து ஐநூறாவது பிள்ளையின் அம்மா

அம்மாவின் செருப்பு வெண்ணெயின் வகுப்பு வாசலில் கிடந்தது.

அதே மாதிரிச் செருப்பை ஊரில் ஆயிரம் பேர் போடுகிறார்கள்தான். ஆனால் இந்தச் செருப்பின் இடது வார் அறுந்த இடத்தில் கறுப்பு நூலால் குறுக்குத் தையல் போட்டிருந்தது. துணிக்கடையின் ஆல்டரேஷன் அறையில் உட்கார்ந்து, பேன்ட் நீளத்தைக் குறைத்துக் குறைத்தே பழகிய கை போட்ட தையல். செருப்பையும் பேன்ட் மாதிரி மடித்துத் தைக்கும் ஒரே ஜீவன் என் அம்மாதான்.

நான் வேலை செய்வது மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில். இரண்டே வகுப்பறை. ஒன்று என்னுடையது, இன்னொன்று வெண்ணெயினுடையது. வெண்ணெய் என்பது மனசுக்குள் நான் வைத்த பெயர். அவள் இங்கிலீஷ் அப்படி வழுக்கும். எங்கேயும் தடுக்காது, சிக்காது, வியர்க்காது. அவள் வீட்டில் நாயைத் திட்டுவதுகூட இங்கிலீஷில்தானாம். நான் கற்றது அப்படியில்லை. பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து, கண்ணாடி முன்னால் நின்று வாய் கோணப் பேசிப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கற்றது. எங்கள் வீட்டில் காலேஜ் படியை மிதித்த முதல் ஆள் நான். இங்கிலீஷ் அவளுக்கு மூக்கு மாதிரி, பிறக்கும்போதே இருந்தது. எனக்கு மூக்குத்தி மாதிரி, குத்தி, சீழ் பிடித்து, ஆறின பிறகு போட்டுக்கொண்டது.

கதவில் இருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அம்மா முதல் வரிசையில் இருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பல் ஒன்று விழுந்ததிலிருந்து வீட்டில் அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். இங்கே கை இரண்டும் மேஜை மேல் இருந்தன. வெண்ணெய் குனிந்து ஏதோ கேட்டாள். அம்மா ஏதோ பதில் சொன்னாள். வார்த்தை காதில் விழவில்லை, ஆனால் உதடு அசைந்த விதம் இங்கிலீஷ். 

வீட்டுக்குப் போனதும் பையைக்கூட இறக்கவில்லை.

"எப்பலேருந்து?"

அம்மா அடுப்பைப் பார்த்தாள். அப்பா டி.வி.யைப் பார்த்தார். அணைந்திருந்த டி.வி.

"ஒரு மாசமா. நீ கிளாஸுக்குள்ள போனப்புறம் வந்து, நீ வெளிய வர்றதுக்குள்ள கிளம்பிடுவேன்" என்றாள் அம்மா. "கடையில டிரையல் ரூம் கவுன்டருக்கு ஆள் எடுக்குறாங்கடி. ஆல்டரேஷன் தெரிஞ்ச ஆளா இருக்கணும், கஸ்டமர்கிட்ட நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசணும்னு சொன்னாங்க. எத்தனை வருஷம் அந்த ஜன்னல் இல்லாத ரூம்லயே குனிஞ்சு கெடக்கறது?"

"அதுக்கு வீட்டுல நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல? எத்தனை தடவை சொல்லித்தரேன்னு கூப்பிட்டேன்? 'எனக்கெதுக்குடி இந்த வயசுல'ன்னு நீதான சொன்ன?"

"நீ சொல்லித்தர்றப்ப நான் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள நீ மூணு தப்பு கண்டுபிடிச்சிடற. நாக்கு உள்ள போய் ஒளிஞ்சிக்குது."

"தப்பைத் தப்புன்னு சொல்லாம கொஞ்சச் சொல்றியா?"

"அந்தப் பொண்ணு கொஞ்சுதே."

அப்பா நடுவில் புகுந்தார். லாரி புக்கிங் ஆபீஸில் வாட்ச்மேன் அவர். சண்டை விலக்குவதையும் கேட் திறந்து விடுகிற மாதிரியே செய்வார். "இனிமே ரெண்டு பேரும் இங்கிலீஷ்லயே சண்டை போடுங்க. எனக்கு ஒண்ணும் புரியாது, நிம்மதியா ரெண்டு வாய் சாப்பிடுவேன்."

அவருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியாது.

மறுநாள் வெண்ணெயைப் படிக்கட்டில் பிடித்தேன். "அவங்க யாருன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா. ஸாரி. ஆன்ட்டி சத்தியம் வாங்கிட்டாங்க." கண்ணை அகல விரித்தாள். "ஷீ இஸ் ஸோ ஸ்வீட்! உங்களுக்குத் தெரியுமா, அவங்க என்ன அழகா மிமிக்ரி பண்றாங்க!"

என் அம்மா மிமிக்ரி செய்வாள் என்று எனக்குத் தெரியாது. அதை இந்த வெண்ணெய் வாயால் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்த வாரம்தான் முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுக் கிளை திறக்கப் போகிறார். அதற்கு ஓர் இன்சார்ஜ் வேண்டும். தனி அறை, கதவில் பெயர், மற்ற டீச்சர்களை எடுக்கிற அதிகாரம்.

"ரெண்டு பேர்ல யாருன்னு நான் சொன்னா நாளைக்கு என் மேல பழி வரும்" என்றார். "இந்த மாச விருந்தாளி நாள்ல எந்த கிளாஸ் ஜெயிக்குதோ, அந்த டீச்சர் இன்சார்ஜ். சமமா வந்தா சீனியருக்கு."

சீனியர் நான்தான். வெண்ணெய்க்கு ஒரு வருஷம் முன்னால் சேர்ந்தவள்.

விருந்தாளி நாள் என்பது முதலாளி கண்டுபிடித்த கூத்து. மாதத்துக்கு ஒரு குட்டி நாடு. யாரும் கேள்வியே படாத நாடாக இருக்க வேண்டும். அதன் கதையையும் பழக்க வழக்கங்களையும் நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுப்போம். கடைசிச் சனிக்கிழமை ஒரு வகுப்பு அந்த நாட்டு ஜனங்களாக எழுந்து நிற்கும், இன்னொரு வகுப்பு வெளியூர் விருந்தாளிகளாக வந்து இங்கிலீஷில் கேள்வி கேட்கும். பிறகு மாற்றிக்கொள்வார்கள். ஏதோ விளையாட்டுப் பெட்டியில் வந்த மணல் கடிகாரம் ஒன்று முதலாளியிடம் இருக்கிறது. கேள்வி கேட்டதும் அதைக் கவிழ்ப்பார். மணல் கொட்டித் தீர்வதற்குள் வாயைத் திறந்து பொருத்தமாக ஏதாவது சொன்னவர் நிற்கலாம். சொல்லாதவர் உட்கார வேண்டும். தப்பில்லாமல் பேச வேண்டும் என்று கட்டாயமே இல்லை. எனக்கு அந்த விதியே பிடிக்காது.

"பெரிய நாடுன்னா கட்டுரை மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிப்பான். யாருக்கும் தெரியாத நாடுன்னா எல்லாரும் ஒரே படியில நிக்கணும்" என்பார் முதலாளி.

எல்லாரும் ஒரே படியிலாம். நல்ல நகைச்சுவை.

இந்த மாத நாடு நவூரு. பசிபிக் கடலில், பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பொட்டு. ஒரு வண்டியை எடுத்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் நாட்டையே சுற்றி வந்துவிடலாம். தலைநகரம் என்று அதிகாரபூர்வமாக ஒன்று கிடையாது. கொடியில் பன்னிரண்டு முனை நட்சத்திரம், பன்னிரண்டு குலங்களுக்காக. மண்ணுக்குள் உரத்துக்கு உதவும் பாஸ்பேட் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் தோண்டினார்கள், விடுதலை வந்த பிறகு அந்த ஊர் ஜனங்களும் தோண்டினார்கள். தீவின் நடுப்பகுதி சொத்தைப் பல் மாதிரி ஆகிவிட்டது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஒரு காய்ச்சல் வந்து ஜனங்களை வாரிக்கொண்டு போனது. ஆயிரத்து ஐநூறு பேராவது இல்லாவிட்டால் இந்த இனம் பிழைக்காது என்று அப்போது கணக்குப் போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, ஒரு பெண் குழந்தை பிறந்து, அந்த எண் நிறைந்தது. அந்த நாளை இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். பிறகு இரண்டாம் உலகப் போர். ஜப்பானியர்கள் தீவைப் பிடித்து, பாதிக்கு மேற்பட்ட ஜனங்களைக் கப்பலில் ஏற்றி எங்கோ ஒரு தீவுக்கு அனுப்பினார்கள். பசியில் பல பேர் செத்தார்கள். மிச்சம் பேர் திரும்பி வந்தார்கள். எண் குறைந்திருந்தது. மறுபடியும் முதலிலிருந்து, ஆயிரத்து ஐநூறு வரை.

இதையெல்லாம் தேடித் தேடிப் படித்து, நறுக்கென்று ஒரு கட்டுரையாக டைப் அடித்து, என் வகுப்புக்கு ஆளுக்கொரு நகல் கொடுத்தேன். வரி வரியாக மனப்பாடம். முதலாளி வேண்டாம் என்கிற அதே வழிதான். எனக்குத் தெரிந்த வழி அதுதான், அதில்தான் நான் கரையேறினேன்.

வெண்ணெயின் வகுப்பில் கட்டுரையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. ஆளுக்கொரு வேஷம் கொடுத்தாளாம். நீ மீன் பிடிக்கிறவன், நீ பறவை பிடிக்கிறவன், நீ சுரங்கத்தில் தோண்டுகிறவன். அம்மாவுக்கு என்ன வேஷம் என்று சாப்பிடும்போது அவளே சொன்னாள்.

"ஆயிரத்து ஐநூறாவது குழந்தையோட அம்மா நான்" என்றாள். ஏதோ நேற்றுப் பெற்ற மாதிரி முகம்.

"அது ஒரு ரோலா?"

"ஊரே என் வீட்டு வாசல்ல வந்து நிக்குதாம்டி. எல்லாரும் என் புள்ளையத்தான் பாக்குறாங்களாம். மிஸ் சொல்லுச்சு."

மிஸ் சொல்லுச்சு. இந்த வீட்டில் அந்த மாதம் உப்பு, புளி மாதிரி எல்லாவற்றிலும் அது விழுந்தது. மிஸ் இப்படித்தான் முடி கட்டும். மிஸ் இந்த மாதிரிக் கேட்டா நாம இந்த மாதிரிச் சொல்லணும். "ஓ, லவ்லி" என்று வெண்ணெய் இழுக்கிற மாதிரியே இழுத்துக்கொண்டு அம்மா துணி மடித்தாள். எனக்குக் காது கூசியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். சும்மா நிற்கிற ஆள் இல்லை அவள்.

"நாளைக்கு நான் வாயை மூடிக்கிட்டு நின்னா உனக்கு அந்த வேலை கெடைச்சிடுமா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். "யார் சொன்னது உன்கிட்ட?"

"நீதானடி அப்பாகிட்ட கத்திக்கிட்டிருந்த. எனக்கு என்ன போச்சு? மணல் கொட்டுற வரைக்கும் முழிச்சுக்கிட்டு நிக்கறேன். அந்தப் பொண்ணுக்கு இது இல்லன்னா இன்னொண்ணு."

"உன் பிச்சை ஒண்ணும் எனக்கு வேணாம். உனக்குத் தெரிஞ்சா பேசு. தெரியலன்னா உக்காரு."

"சரி மகாராணி" என்று சொல்லிவிட்டுப் போனாள். சட்டைக் காலரில் ஒரு மஞ்சள் கறை தீய்ந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் அடைத்திருந்தார்கள். மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டே சும்மா சுற்றியது. முதலில் என் வகுப்பு நவூரு ஜனங்களாக நின்றது. வெண்ணெயின் ஆட்கள் விருந்தாளிகள்.

தொடக்கத்தில் பிரமாதமாகப் போனது. நாடு எங்கே இருக்கிறது, கொடியில் என்ன, எல்லாவற்றுக்கும் என் ஆட்கள் வரி பிசகாமல் சொன்னார்கள். பிறகு ஒரு பியூட்டி பார்லர்காரி எழுந்து, என் வகுப்பின் டயர் கடைக்காரரிடம், "காலையில எழுந்ததும் நீங்க என்ன செய்வீங்க?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அவர் வியர்த்துப்போய், "நவூரு இஸ் எ ஸ்மால் ஐலண்ட்" என்று தொடங்கினார். இன்னொருத்தி, "உங்க பொண்டாட்டி எப்படி, நல்லவங்களா?" என்றாள். பக்கத்தில் நின்ற கூரியர்காரர், "தே டக் ஃபாஸ்பேட் ஃபார் மெனி இயர்ஸ்" என்றார். அறை குலுங்கியது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சுவரில் இருந்த கேலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் வகுப்பில் நின்றது மூன்று பேர்.

பிறகு அவள் வகுப்பு. அவர்களுக்கு வருஷமும் தெரியவில்லை, எண்ணிக்கையும் தெரியவில்லை. ஆனால் வாய் மூடவில்லை. என் ஆட்கள் விடாமல் கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்திருந்த கேள்விகள் எல்லாம் வரலாறு. பொருத்தமில்லாமல் உளறியவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பதில் சொல்லித் தப்பித்தவர்கள் மூன்று பேர் நின்றார்கள். வரிசையின் கடைசியில் அம்மா மட்டும் பாக்கி.

கடைசி ஆளிடம் எதிர் வகுப்பு டீச்சர்தான் கேட்க வேண்டும். அது விதி. அம்மா உட்கார்ந்தால் மூன்றுக்கு மூன்று, சமம். நான் இன்சார்ஜ். பேசிவிட்டால் வெண்ணெய்.

அம்மா புடவையை இழுத்துச் சரி செய்துகொண்டு நின்றாள். கையில் குழந்தையை ஏந்தியிருக்கிற மாதிரி, கடைசி நிமிஷம் வரைக்கும் வேஷம். வெண்ணெய் ஓரத்திலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள். வாயைப் பொத்தாமல்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு இரக்கம் என்று எதுவும் மிச்சம் இருக்கவில்லை. வெண்ணெய் சந்தோஷமான பக்கத்தை மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், போர் பக்கமே போகவில்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, இங்கிலீஷில் கேட்டேன்.

"அந்தக் குழந்தை வளர்ந்துவிட்டது. போர் வந்தது. உங்கள் ஜனங்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். கப்பல் புறப்படும்போது உன் பெண்ணிடம் என்ன சொன்னாய்?"

வெண்ணெயின் கட்டை விரல் கீழே இறங்கியது. முதலாளி கடிகாரத்தைக் கவிழ்த்தார்.

அம்மா கேள்வியை வாய்க்குள் போட்டு மென்றாள். ஷிப், டாட்டர் என்பது புரிந்திருக்கும். மணலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏந்தியிருந்த கை மெதுவாகக் கீழே இறங்கியது. உட்காரப் போகிறாள் என்று நினைத்தேன். உட்காரும்மா என்று மனசுக்குள் சொன்னேன். பதில் தெரியாமல் உட்கார்ந்தாளா, எனக்காக உட்கார்ந்தாளா என்று சாகிற வரைக்கும் எனக்குத் தெரியப்போவதில்லை என்பதும் அந்த நிமிஷமே உறைத்தது. இருந்தாலும் உட்காரும்மா.

பாதி மணல் இறங்கியிருந்தது.

"ஷிப் கம்" என்றாள் அம்மா. "மை டாட்டர் கோ. ஐ டெல், ஈட். டைம் டு டைம், யூ ஈட்."



"ஷீ நோ லுக் மீ. ஷீ லுக் புக். ஆல்வேஸ் புக், புக், புக்." தலையைக் குனிந்து, கண்ணைச் சுருக்கி, உதட்டை முணுமுணுவென்று அசைத்துக் காட்டினாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அதுதான் அந்த மிமிக்ரி. என்னைத்தான் இத்தனை நாளாக இங்கே செய்து காட்டியிருக்கிறாள். "ஷிப் கோ. ஐ ஸ்டாண்ட். ஷீ நோ டர்ன். பட் ஐ ஸ்டாண்ட். ஷிப் ஸ்மால், ஸ்மால், ஸ்மால். ஐ ஸ்டாண்ட்."

அவ்வளவுதான். அறை கை தட்டியது. முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். பியூட்டி பார்லர்காரி கண்ணைத் துடைத்தாள். பாவம், நவூருக்காக அழுகிறாள்.

அது கப்பல் இல்லை, பஸ். நான் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன நாள். மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி படிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் இறங்கி ஓடிவந்துவிடுவேன் என்று பயம். பஸ் கிளம்பினதும் அவள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

ஆனால் அதற்காக நான் உருகிவிடவில்லை. கதவில் என் பெயர் இருக்க வேண்டிய அறை போய்விட்டது. வெண்ணெய் ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். அம்மாவும் கட்டிக்கொண்டாள். நான் நாற்காலிகளை அடுக்கினேன்.

வீட்டுக்கு இருவரும் சேர்ந்துதான் நடந்தோம். 

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றேன். "நீதான சொன்ன, முழிச்சுக்கிட்டு நிக்கறேன்னு?"

"நிக்கலாம்னுதான்டி நெனச்சேன். வாய் கேக்கல. அது பாட்டுக்கு வந்திடுச்சு." கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கே கோபம் வந்தது. "நீ ஏன் அந்தக் கேள்விய கேட்ட? ஊரு உலகத்துல வேற கேள்வியே கெடைக்கலியா உனக்கு? அங்க என்ன சாப்பிடுவாங்கன்னு கேட்டிருந்தா எனக்கென்ன தெரியும்? பேசாம உக்காந்திருப்பேன்."

"எல்லாம் என் தப்பு."

"பின்ன?" என்றாள். "கேள்வி கேக்கக்கூடத் தெரியல, இன்சார்ஜ் ஆகணுமாம்."

நடுத்தெருவில் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. அவளுக்குக் காட்டாமல் தெருவின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வெண்ணெய் புதுக் கிளைக்குப் போனாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டியை நல்லாப் பாத்துக்கங்கக்கா" என்றாள். என் அம்மாவைப் பார்த்துக்கொள்ள எனக்கு இவள் சிபாரிசு. அவளுக்குப் பதில் ஆள் வரும்வரை அவள் வகுப்பையும் நானே எடுக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை என் வகுப்பு வாசலில் செருப்பு கிடந்தது, குறுக்குத் தையலோடு. அன்று காலைதான் அம்மாவை டிரையல் ரூம் கவுன்டரில் போட்டிருந்தார்கள். இனிமேல் வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். உள்ளே போனேன். முதல் வரிசையில் அவள் அதே இடத்தில்தான் இருந்தாள்.

"குட் ஈவினிங், மிஸ்ஸ்ஸ்" என்று எல்லாரோடும் சேர்ந்து இழுத்தாள். வெண்ணெய் இழுப்பு, அச்சு அசல்.

புது நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டுரை பையில் தயாராக இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. முதலாளி அறையிலிருந்து கொண்டுவந்த மணல் கடிகாரத்தை மேஜையில் வைத்தேன். அம்மாவை எழுந்து நிற்கச் சொன்னேன்.

"பழைய மிஸ் நன்றாகச் சொல்லிக்கொடுப்பாரா, நான் நன்றாகச் சொல்லிக்கொடுப்பேனா?" என்று இங்கிலீஷில் கேட்டேன். கேவலமான கேள்விதான். கேட்காமல் இருக்க முடியவில்லை. கடிகாரத்தைக் கவிழ்த்தேன்.

 கேள்வி அம்மாவுக்கு நன்றாகவே புரிந்தது, முகத்தில் தெரிந்தது. மணலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பதில் நாக்கு நுனியில் இருந்தது. உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

கடைசி மணல் விழுகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு, விதிப்படி, உட்கார்ந்தாள்.